கட்டற்ற செயலியில் குறியாக்கம்: ஏற்றுமதிச் சட்டத்துக்குப் பொருந்த வெளியிடுவது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரு சம்மாட்டியிடம் (படகு முதலாளி) போய், "நேத்து எந்தப் பார்ல வலை போட்டீங்கண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராது. பார் என்பது மீன் படும் இடம். அதன் ஜிபிஎஸ் புள்ளி அவருக்கு வீட்டுப் பத்திரம் மாதிரி. கண்டவர் கையில் கொடுக்க மாட்டார். அதனால் இந்தக் கரைக்கு ஒரு படகுக் குறிப்பேட்டுச் செயலி எழுத உட்காரும் எவரும் சீக்கிரமே குறியாக்கத்தில், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டுவதில், வந்து நிற்பார். போன் தொலைந்தாலும் புள்ளிகள் வெளியே போகக் கூடாது, கரையில் இருக்கும் வீட்டாருக்குப் படகு நிற்கும் இடத்தை அனுப்பினால் நடுவில் யாரும் படிக்கக் கூடாது.

சரி, எழுதி முடித்தாயிற்று. இலவசமாக, மூலநிரலோடு (நாம் எழுதிய நிரல் வரிகளோடு) கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போடலாம் என்று பார்த்தால் யாராவது ஒருவர் சொல்வார்: "என்கிரிப்ஷன் இருக்குல்ல? அமெரிக்காவுல அது ஆயுதக் கணக்கு. லைசென்ஸ் வாங்கணும்." அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. இன்றைக்கும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் எது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பணம் வாங்கி விற்கும் மென்பொருளுக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். யாரும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்று விட்ட கட்டற்ற மென்பொருளுக்கு இங்கே உள்ளது போதும்.

முதலில் கொஞ்சம் பழங்கதை

இதைத் தெரிந்துகொள்ளாமல் விதிகளைப் படித்தால் ஏன் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றே புரியாது.

1991-ல் ஃபில் சிம்மர்மன் என்பவர் பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது இணையம் வழியே அமெரிக்காவுக்கு வெளியேயும் போய்விட்டது. அப்போது அமெரிக்காவில் வலுவான குறியாக்கம் போர்த்தளவாடப் பட்டியலில் இருந்ததால், உரிமம் இல்லாமல் ஏற்றுமதி நடந்ததா என்று அவர் மேல் குற்ற விசாரணை ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் போல இழுத்து, வழக்கே போடாமல் 1996 ஜனவரியில் கைவிட்டார்கள். இடையில் 1995-ல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூலநிரலை அப்படியே அச்சடித்துப் புத்தகமாக விற்றது. புத்தகத்தை ஏற்றுமதி செய்யத் தடையில்லை, அதிலுள்ள நிரலை ஒரு பிளாப்பியில் கொண்டுபோனால் தடை! இந்தக் கூத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனவர் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித மாணவர். தான் எழுதிய குறியாக்க நிரலை வெளியிட அரசிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்று 1995-ல் வழக்குப் போட்டார். நிரலும் பேச்சுரிமைக்குள் வரும் என்று 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

1996 இறுதியிலேயே ஓர் அதிபர் ஆணை மூலம் வணிகக் குறியாக்கத்தைப் போர்த்தளவாடப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத் துறையின் கையில் கொடுத்திருந்தார்கள். 2000 ஜனவரியில் அந்தத் துறை பெரிய கதவைத் திறந்தது: பொதுவில் கிடைக்கும் குறியாக்க மூலநிரலுக்கு முன் அனுமதி வேண்டாம், வெளியிட்டதும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். 2021 மார்ச்சில் அந்த மின்னஞ்சலும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. இந்தக் கடைசி மாற்றம் தெரியாமல் எழுதப்பட்ட பழைய குறிப்புகள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

பழைய கட்டுப்பாட்டின் விலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்கு என்று வேண்டுமென்றே பலவீனமாக்கிய 512 பிட் சாவிகள் சர்வர்களில் அப்படியே தங்கிப்போய், 2015-ல் 'ஃப்ரீக்' என்ற தாக்குதலுக்கு வழிவிட்டன. சட்டம் தளர்ந்து 15 வருடம் கழித்து!

உங்கள் மேல் எந்தச் சட்டம்?

மண்டபம் ஊரில் உட்கார்ந்து எழுதும் உங்களுக்கு அமெரிக்கச் சட்டம் எதற்கு? கேள்வி நியாயம்தான். ஆனால் அமெரிக்க ஏற்றுமதி விதிகள் ஆளைப் பார்ப்பதைவிடப் பொருளைப் பின்தொடர்கின்றன. உங்கள் நிரல் கிட்ஹப்பின் அமெரிக்க சர்வரில் ஏறி, அங்கிருந்து துபாயில் இருக்கும் கீழக்கரைக்காரரின் போனுக்கு இறங்கினால், அது அமெரிக்காவிலிருந்து போன சரக்கு. ஆக, இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும்: நீங்கள் இருக்கும் இந்தியாவின் சட்டம், சர்வர் இருக்கும் நாட்டின் சட்டம்.

அமெரிக்கப் பக்கம் இதைக் கவனிக்கும் அலுவலகத்தைச் சுருக்கமாக பிஐஎஸ் என்பார்கள். நகைக்கடை ஹால்மார்க் பிஐஎஸ் இல்லை இது. அமெரிக்க வணிகத் துறையின் ஒரு பிரிவு. அதன் விதித்தொகுப்பின் பெயர் இ.ஏ.ஆர். இந்தியாவில் அந்த இடத்தில் இருப்பது டிஜிஎஃப்டி, அதாவது வெளிநாட்டு வணிக இயக்குநரகம். அதன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் பெயர் ஸ்கோமெட்.

படி 1: செயலிக்குள் என்னென்ன பூட்டு இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதினாலே போதும். நம் படகுக் குறிப்பேட்டுச் செயலியை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தைப் பூட்ட எஸ்க்யூஎல்சைஃபர் என்ற மென்பொருள். அதற்குள் ஏஇஎஸ் என்ற பூட்டு முறை, 256 பிட் சாவியோடு. வீட்டாருக்கு இடம் அனுப்ப லிப்சோடியம் என்ற நூலகம், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல். வானிலை எச்சரிக்கை இறக்கும்போது இணையப் போக்குவரத்தை மறைக்க டிஎல்எஸ், அது ஆண்ட்ராய்டே தருவது. செயலியைத் திறக்க நான்கு இலக்கப் பின். புதுப்பிப்பு கலப்படமா என்று பார்க்கக் கையொப்பம்.

இவற்றில் சில கணக்கில் வராது. கடவுச்சொல் சரிபார்ப்பு, டிஜிட்டல் கையொப்பம், தரவு மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை மட்டும் செய்யும் குறியாக்கம் கட்டுப்பாட்டுக்கு வெளியே. தரவை மறைக்கும் வேலைதான் கணக்கு. அதிலும் அளவு உண்டு: ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் முறையில் 56 பிட்டுக்கு மேல், ஆர்எஸ்ஏ போன்ற இரட்டைச் சாவி முறைகளில் 512 பிட்டுக்கு மேல், நீள்வட்ட வளைவு முறையில் 112 பிட்டுக்கு மேல் போனால் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வரும். இன்று யாரும் 56 பிட்டில் எழுதுவதில்லை. அதனால் மறைக்கும் வேலை இருந்தாலே 'உள்ளே' என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மென்பொருளுக்குப் பட்டியலில் உள்ள எண் 5டி002.

நீங்கள் எழுதாத, நூலகமாக இழுத்துக்கொண்ட குறியாக்கமும் உங்கள் கணக்குத்தான். "நான் ஒரு வரிதான் அழைத்தேன்" என்பது பதில் ஆகாது.

படி 2: பூட்டு ஊரறிந்ததா, சொந்தத் தயாரிப்பா?

இங்கேதான் மொத்த விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் நின்று படியுங்கள்.

2021 மாற்றத்துக்குப் பிறகு, பொதுவில் வெளியிட்ட மூலநிரலில் உள்ள குறியாக்கம் தரப்படுத்தப்பட்டதாக இருந்தால் அமெரிக்க அலுவலகத்துக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். தரப்படுத்தப்படாததாக இருந்தால் மட்டும் பழைய மின்னஞ்சல் கடமை நிற்கிறது: நிரல் இருக்கும் இணைய முகவரியை அல்லது நிரலின் நகலை பிஐஎஸ்ஸுக்கும், தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவின் குறியாக்கப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும்.

தரப்படுத்தப்படாதது என்றால் என்ன? ஐஇடிஎஃப், ஐஎஸ்ஓ, ஐஇஇஇ போன்ற அறியப்பட்ட தர அமைப்பு எதுவும் ஏற்காமலும், வேறு எங்கும் வெளியிடப்படாமலும் இருக்கும் முறை. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் சிக்கல். நம் செயலியைப் பாருங்கள். ஏஇஎஸ் 2001-லேயே அமெரிக்க அரசுத் தரம் ஆகிவிட்டது. டிஎல்எஸ் 1.3-ஐ 2018-ல் ஐஇடிஎஃப் வெளியிட்டது. லிப்சோடியத்தில் உள்ள சாச்சா20 முறைக்கும் ஐஇடிஎஃப் ஆவணம் உண்டு. அதை நீட்டிச் செய்த எக்ஸ்சாச்சா20 முழு ஆவணமாக வரவில்லை. ஆனால் அது எல்லோரும் படிக்க வெளியிடப்பட்ட முறை, அதனால் பிரச்சினை இல்லை. சாச்சா20-ஐ உருவாக்கியவர் யார் தெரியுமா? வழக்குப் போட்டாரே, அதே பெர்ன்ஸ்டைன்.

இப்போது மறுபக்கம். நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை வரும்: 247 எழுத்துகளையும் கலைத்துப் போட்டு ஒரு 'தமிழ்ச் சைஃபர்' செய்வோம், உலகத்தில் யாராலும் உடைக்க முடியாது என்று. செய்யுங்கள், விளையாட்டாக. செயலிக்குள் வைக்காதீர்கள். உடைவது ஒரு மத்தியான வேலை என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஏற்றுமதி விதியில் நீங்களாகப் போய்த் தலையைக் கொடுப்பதும் இதனால்தான். மூலநிரலோடு வெளியிட்டால் அதுவே 'வெளியிடப்பட்ட முறை' ஆகிவிடாதா என்று வாதாடலாம். வாதாடுவதைவிட ஒரு மின்னஞ்சல் அனுப்புவது சுலபம். அதைவிட ஏஇஎஸ் போடுவது சுலபம்.

படி 3: உண்மையாகவே வெளியிடுங்கள்

சலுகை முழுவதும் 'பொதுவில் கிடைக்கிறது' என்ற ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. அதைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள் நிறைய.

மூலநிரல் யாருக்கும் கிடைக்க வேண்டும், வாங்கியவர் அதை மற்றவருக்குக் கொடுப்பதற்குத் தடை இருக்கக் கூடாது. ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி உரிமங்கள் எல்லாம் இதற்குச் சரி. பதிப்புரிமை உங்கள் பெயரில் இருப்பதால் ஒன்றும் கெடாது. ஆனால் நல்ல எண்ணத்தில் சிலர், "கரையோர மீனவர்கள் மட்டும் பயன்படுத்தலாம், கம்பெனிகளுக்குக் கொடுக்கக் கூடாது" என்று சொந்தமாக ஒரு வரி சேர்ப்பார்கள். டிராலர் முதலாளிகள் மேல் உள்ள கோபம் புரிகிறது. இருந்தாலும் அந்த ஒரு வரி, பரவலுக்குத் தடை போட்டு, உங்களைச் சலுகைக்கு வெளியே தள்ளிவிடலாம். உரிமத்தில் கை வைக்காதீர்கள்.

நிறுவும் கோப்பு, அதாவது ஏபிகே, தனியாக ஓர் இடத்திலும் மூலநிரல் பழைய பதிப்பாக இன்னோர் இடத்திலும் கிடப்பதும் நம் ஊரில் சகஜம். இயங்கு கோப்புக்குச் சலுகை கிடைப்பதே, அதற்கு நேரான மூலநிரல் பொதுவில் இருப்பதால்தான். 1.4 ஏபிகே வெளியிட்டால் 1.4-க்கான நிரலும் அதே பதிப்புக் குறியோடு களஞ்சியத்தில், அதாவது கிட்ஹப்பில் உங்கள் நிரல் இருக்கும் இடத்தில், இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஏபிகே, "கோடு அப்புறம் போடுறேன்" என்ற பழக்கத்தை விடுங்கள்.

தனிக் களஞ்சியம் பொதுவெளி ஆகாது. ஆறு மாதம் மூடிய களஞ்சியத்தில் வேலை செய்து, அதில் ஷார்ஜாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இரண்டு பேரைச் சேர்த்திருந்தால், அந்த ஆறு மாதத்துக்கும் 'வெளியிட்ட மென்பொருள்' என்ற கவசம் உங்களுக்குக் கிடையாது. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கி, படகுக்காரர்கள் கரையில் இருக்கும் 61 நாளில் சோதித்துப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டால், முதல் வரியிலிருந்தே களஞ்சியத்தைத் திறந்து வையுங்கள். அரைகுறை நிரலைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், பார்க்கவே மாட்டார்கள்.

சாவிகளையும் கடவுச்சொற்களையும் களஞ்சியத்தில் போடச் சொல்லவில்லை. பூட்டின் அமைப்புதான் பொதுவில் இருக்க வேண்டும், சாவி இல்லை.

படி 4: இந்தியப் பக்கம்

இது சுருக்கம். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் ஒத்துப்போகும் நாடுகளின் வாசனார் உடன்பாட்டில் இந்தியா 2017 டிசம்பரில் 42-ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. அந்தப் பட்டியல் ஸ்கோமெட்டின் எட்டாம் வகையாக வந்திருக்கிறது. அதன் ஐந்தாம் பிரிவின் இரண்டாம் பகுதியில் குறியாக்கம் இருக்கிறது. வாசனார் ஒழுங்கில், மறுபரவலுக்குக் கட்டுப்பாடு இல்லாமல் பொதுவில் கிடைக்கும் மென்பொருள் பட்டியலுக்கு வெளியே. பதிப்புரிமை இருப்பதை மட்டும் கட்டுப்பாடாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே படி 3-ஐ ஒழுங்காகச் செய்தவருக்கு இங்கே தனி வேலை ஒன்றும் இல்லை. செய்யாதவருக்குத்தான் டிஜிஎஃப்டி.

குறியாக்க முறைகளை மத்திய அரசு வரையறுக்கலாம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 84ஏ பிரிவு சொல்கிறது. 2015-ல் ஒரு தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. அது ஏற்றுமதி விஷயம் இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

படி 5: தடை விதிக்கப்பட்ட நாடுகளில் இருக்கும் நம் ஆட்கள்

இந்தக் கரையில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. தென் மாவட்ட மீனவர்கள் ஒப்பந்தத்தில் ஈரானுக்குப் போய் மீன்பிடிக்கிறார்கள். 2020-ல் கொரோனாவில் அங்கே மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டு மீனவர்கள் பலரை ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அப்படிப் போன மச்சான் ஒருவர், "நம்ம செயலி இங்க இறங்கமாட்டேங்குது, அனுப்பி விடு மாப்ள" என்று கேட்டால்?

பொதுவில் கிடக்கும் நிரலை அவரே இறக்கிக்கொள்வது ஒன்று. நீங்கள் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கோ நிறுவனத்துக்கோ கட்டி அனுப்புவது, பணம் வாங்கி உதவிச் சேவை கொடுப்பது வேறு. அமெரிக்கப் பொருளாதாரத் தடைகள் ஏற்றுமதி விதியிலிருந்து தனியான சட்டம். அதை நடத்துவது நிதித் துறை. இந்தியாவில் இருக்கும் உங்கள் மேல் அது நேராகப் பாயாவிட்டாலும், உங்கள் சர்வரும் கட்டண வழியும் அமெரிக்காவில் இருந்தால் கணக்கு முடக்கம் வரை போகலாம். மச்சானுக்குப் பொதுக் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தளங்கள் தாமாகவே கதவை மூடியதும் உண்டு. 2010 ஜனவரியில் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் ஈரான், கியூபா, வடகொரியா உள்ளிட்ட நாடுகளைத் தடுத்தது. திட்டக்காரர்கள் சத்தம் போட்ட பிறகு, அடுத்த மாதமே முடிவை அவரவரிடம் விட்டது. 2019 ஜூலையில் கிட்ஹப் ஈரான், சிரியா, கிரிமியா கணக்குகளின் தனிக் களஞ்சியங்களை மூடியபோதும் பொதுக் களஞ்சியங்கள் திறந்தே இருந்தன. ஈரானுக்கு 2021 ஜனவரியில் அமெரிக்க அரசின் உரிமம் வாங்கி முழுச் சேவையைத் திரும்பக் கொடுத்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: இன்னொரு நாட்டில் ஒரு நகல் வையுங்கள். 90-களில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் குறியாக்கப் பொதிகளை அமெரிக்காவுக்கு வெளியே தனிக் கிடங்கில் வைத்திருந்தது. 2002-ல்தான் முதன்மைக் கிடங்கில் சேர்த்தது. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளம் கனடாவிலிருந்தே வெளியாகிறது.

தலைமன்னார் கண்ணுக்கெட்டும் தூரம் என்பதால் இலங்கையைப் பற்றியும் கேட்பீர்கள். அது இந்தத் தடைப் பட்டியலில் இல்லை. எல்லைக் கோடு படகுக்குத்தான்.

படி 6: ஆப் கடைகளின் கேள்விகள்

கூகுள் பிளேயில் வெளியிடும்போது, நீங்கள் எந்த நாட்டவர் ஆனாலும் செயலி அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்கு உட்படலாம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். படித்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம், மேலே உள்ள படிகளைச் செய்தவருக்கு அதில் பயம் இல்லை.

ஆப்பிள் கொஞ்சம் நோண்டிக் கேட்கும். இயங்குதளம் தரும் எச்டிடிபிஎஸ் மட்டும் பயன்படுத்தினால், விலக்கு பெறாத குறியாக்கம் இல்லை என்று செயலியின் அமைப்புக் கோப்பிலேயே குறித்துவிடலாம். பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தக் கேள்வி வராது. எஸ்க்யூஎல்சைஃபர், லிப்சோடியம் போலச் சொந்தமாகச் சேர்த்தது இருந்தால் கேள்விகளுக்கு உள்ளபடி பதில் சொல்லுங்கள். பிரான்சில் செயலி கிடைக்க வேண்டும் என்றால் அந்த நாட்டின் தனி அறிவிப்புப் படிவத்தைக் கேட்கலாம். பாக் நீரிணைச் செயலிக்கு பிரான்ஸ் எதற்கு? நாடுகள் பட்டியலில் அந்தக் குறியை எடுத்துவிட்டால் வேலை மிச்சம்.

படி 7: களஞ்சியத்தில் ஒரு கோப்பு

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் வையுங்கள். உங்கள் செயலியைத் தங்கள் தொகுப்பில் சேர்க்க நினைப்பவர் முதலில் தேடுவது இதைத்தான். இப்படி இருந்தால் போதும்:

"இந்த மென்பொருளில் குறியாக்கம் உள்ளது. உங்கள் நாட்டில் இதை இறக்குவதற்கும் பயன்படுத்துவதற்கும் பிறருக்கு அனுப்புவதற்கும் கட்டுப்பாடு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் முறைகள்: சேமிப்புக்கு ஏஇஎஸ் 256, எஸ்க்யூஎல்சைஃபர் வழியாக, அனுப்புவதற்கு எக்ஸ்சாச்சா20, லிப்சோடியம் வழியாக. இரண்டும் வெளியிடப்பட்ட முறைகள். சொந்த முறை எதுவும் இல்லை. முழு மூலநிரலும் இந்தக் களஞ்சியத்தில் பொதுவில் கிடைக்கிறது. அமெரிக்க வகைப்பாடு 5டி002, இ.ஏ.ஆர். 742.15(பி) பிரிவின்படி பொதுவில் கிடைக்கும் குறியாக்க மூலநிரல்."

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. நூலகத்தை மாற்றும்போதெல்லாம் இந்தக் கோப்பையும் திருத்துங்கள். சொந்த முறை வைத்தே தீருவேன் என்பவர், அனுப்பிய மின்னஞ்சலின் தேதியையும் இதிலேயே எழுதிவைக்கட்டும்.

எப்போது இந்த வழிகாட்டி செல்லாது?

ஒரு படகுச் சங்கமோ ஏற்றுமதிக் கம்பெனியோ வந்து, "எங்களுக்கு மட்டும் தனியாகச் செய்து கொடுங்க, கோடு வெளியே போகக் கூடாது" என்று பணத்தோடு நின்றால், அந்தத் தனிப் பதிப்பு பொதுவெளிச் சலுகையில் இருந்து விழுந்துவிடும். உள்ளே இருப்பது அதே ஏஇஎஸ் ஆனாலும் சரி. அமெரிக்கப் பக்கம் அதற்கு வேறு விதிவிலக்குகள் உண்டு. சிலவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 1-க்குள் முந்தைய ஆண்டுக்கான சுயவகைப்பாட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். இந்தியப் பக்கம் ஸ்கோமெட் கேள்வி முழுதாகத் திறக்கும். வக்கீல் கட்டணத்தையும் விலையில் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று வன்பொருள். செல்போன் சிக்னல் எட்டாத கடலுக்கு லோரா என்ற தொலைதூர ரேடியோப் பெட்டி செய்து அதில் இந்தச் செயலியின் குறியாக்கத்தை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நிரல் பொதுவில் இருந்தாலும் பெட்டி ஒரு பொருள். அதற்கு இந்தச் சலுகை கிடையாது. ஊருக்குள் விற்பதில் ஏற்றுமதிக் கேள்வி இல்லை. ஒரு பெட்டியைப் பையில் போட்டு கத்தாருக்குக் கொண்டுபோனால் அது ஏற்றுமதி. பட்டியலில் அது எங்கே வருகிறது, சந்தையில் எல்லோரும் வாங்கும் சரக்குக்கான விலக்கு பொருந்துமா என்பதை விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் டிஜிஎஃப்டியிடம் கேளுங்கள். ரேடியோ அலைவரிசை அனுமதி அந்தந்த நாட்டுக்குத் தனி: இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஓடும் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டை இன்னொரு நாட்டிலும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.